ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் ஏறினால் சிகிச்சை முன்னேறிவிட்டது என்றுதானே அர்த்தம்?

ஜூன் 3 – கேள்வி

வாசகர் ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: "புற்றுநோய் வந்தவர்களில் ஐந்து வருடம் தாண்டுபவர்களின் சதவீதம் ஏறிக்கொண்டே போகிறது. அப்புறமும் ஏன் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள்? எண்தான் கண்முன்னால் இருக்கிறதே, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?"

ஜூன் 3, இரவு

நிறைய இருக்கிறது. முதலில் அந்த ஐந்து வருடம் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். நோய் வந்த நாளிலிருந்து அல்ல, நோய் இருப்பதாக டாக்டர் எழுதிய நாளிலிருந்து.

ஒருவர் 64 வயதில் இருமலோடு போகிறார், கட்டி தெரிகிறது, 66-ல் இறக்கிறார். இவர் ஐந்தாண்டு தாண்டாதவர். இதே ஆளுக்கு 59 வயதிலேயே ஸ்கேன் எடுத்துக் கட்டியைப் பார்த்துவிட்டார்கள் என்று வையுங்கள். சிகிச்சையால் துளிகூடப் பயனில்லை, அதே 66-ல்தான் இறக்கிறார். இப்போது அவர் ஏழு வருடம் பிழைத்தவர், வெற்றிப் பட்டியலில் இருக்கிறார். செத்த தேதி மாறவில்லை. கடிகாரத்தை முன்கூட்டி ஓடவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த மனிதருக்குக் கிடைத்தது நோயாளி என்ற பட்டத்தோடு கூடுதலாக ஐந்து வருடம்.

ஜூன் 4

"இது கற்பனைக் கணக்கு, நிஜத்தில் நடந்ததா?" என்று கேட்டிருக்கிறார். நடந்தது. 1970-களில் அமெரிக்காவில் மேயோ கிளினிக் நடத்திய ஆய்வு. புகைபிடிக்கும் ஆண்கள் 9,211 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும். மறு பாதிக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். பரிசோதித்த பாதியில் 206 நுரையீரல் புற்றுநோய், மற்றதில் 160. கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணினால் பரிசோதித்தவர்கள் தெளிவாக அதிக காலம் வாழ்ந்தார்கள். ஆனால் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு 3.2, மற்ற பாதியில் 3.0. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஒரே ஆய்வு, ஒரே ஆட்கள். ஒரு கணக்கில் வெற்றி, இன்னொன்றில் பூஜ்யம்.

ஜூன் 4, கொஞ்சம் கழித்து

மேலே உள்ள 206-ஐயும் 160-ஐயும் இன்னொரு முறை பாருங்கள். குலுக்கிப் பிரித்த இரண்டு பாதியிலும் ஏறக்குறைய ஒரே அளவு நோய்தானே இருக்க வேண்டும்? அந்தக் கூடுதல் 46 எங்கிருந்து வந்தது? வருடக்கணக்கில் காத்திருந்தும் மறு பாதி அதை எட்டவில்லை. தேடாமல் விட்டிருந்தால் ஆயுள் முழுக்கத் தலைகாட்டாமலே போயிருக்கும் கட்டிகளும் அதில் இருந்தன என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

இது கடிகாரத்தைவிடப் பெரிய வில்லங்கம். 100 பேருக்கு நிஜமான, கொல்லக்கூடிய புற்றுநோய். 40 பேர் பிழைக்கிறார்கள், 40 சதவீதம். இப்போது நுணுக்கமான கருவி ஒன்று வந்து, ஒன்றும் செய்யாத கட்டி உள்ள 100 பேரையும் சேர்த்துப் பிடிக்கிறது. அவர்கள் எல்லோரும் பிழைப்பார்கள், சாகவே காரணம் இல்லையே. 200-க்கு 140, அதாவது 75 சதவீதம். இறந்தவர்கள் அன்றும் 60, இன்றும் 60.

ஜூன் 5

140-ஐ 200-ஆல் வகுத்தால் 70. காலையிலிருந்து மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். எண்களைப் பற்றி எழுதும்போது வகுத்தலில் சறுக்குவதற்கென்று ஒரு திறமை வேண்டும், எனக்கு அது இருக்கிறது.

ஜூன் 5, மாலை

தென்கொரியாவில் தைராய்டு விஷயத்தில் நடந்தது இதுதான். 1999-ல் அரசு வேறு சில புற்றுநோய்களுக்குப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அதோடு கழுத்து அல்ட்ராசவுண்டையும் மருத்துவமனைகள் சேர்த்துக்கொடுத்தன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு. அதனால் இறப்பவர்களின் விகிதம் அப்படியே கிடந்தது. 2014-ல் டாக்டர்களே இதைப் பகிரங்கமாகப் பேசிய பிறகு அறுவைசிகிச்சைகள் மளமளவென்று குறைந்தன.

ஐந்தாண்டு பிழைப்பு? கிட்டத்தட்ட நூறு. பார்க்க அவ்வளவு அழகான எண்.

ஜூன் 6

இதை எழுதியது தப்போ என்று இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என் அக்காவுக்குத் தைராய்டு எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கட்டி, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. மொத்தச் சுரப்பியையும் எடுத்தார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. முதல் ஆறு மாதம் குரல் கம்மிப்போய், போனில் பேசினால் அவள்தானா என்று சந்தேகம் வரும். இப்போது பரவாயில்லை, உச்சத்துக்குப் போனால் மட்டும் பிசிறடிக்கும்.

கொரியாக் கதையை நான் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு, "அப்போ எனக்கு வீணாத்தான் வெட்டினாங்கன்னு சொல்றியா?" என்று கேட்டாள். அப்படி இல்லை என்றேன். "அப்போ வெட்டாம இருந்தா செத்திருப்பேனா?" அதற்கும் பதில் இல்லை. அவளைப்போல ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு இத்தனை பேருக்குத் தேவையில்லாமல் வெட்டினார்கள் என்று சொல்ல முடியும். அந்த ஆயிரத்தில் அவள் யார் என்று யாராலும் சொல்ல முடியாது, வெட்டிய டாக்டராலும்தான்.

அவள் நம்புவது ஒன்றுதான்: சீக்கிரம் கண்டுபிடித்ததால் உயிரோடு இருக்கிறேன். அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை? பரிசோதனையில் பிடிபட்டு நலமாக இருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் நம்புவார்கள். பரிசோதனை வேண்டும் என்று உரக்கப் பேசுவதும் அவர்கள்தான். தேவையில்லாமல் பிடிபட்டவர்கள் கூடக்கூட நன்றி சொல்பவர்களும் கூடுவார்கள்.

ஜூன் 7

"அப்படியானால் எல்லாப் பரிசோதனையும் ஏமாற்று" என்று ஒருவர் முடித்துவிட்டார். இல்லவே இல்லை. மேயோ ஆய்வில் தோற்ற அதே நுரையீரலில், எக்ஸ்ரேக்குப் பதில் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் வைத்து 53,000-க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைந்தது. கவனியுங்கள், பிழைப்பு விகிதம் அல்ல, இறப்பு. குலுக்கிப் பிரித்த நாளிலிருந்து எல்லோருக்கும் ஒரே கடிகாரம்.

சிகிச்சை நிஜமாகவே மாறிய இடங்களும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயை எடுங்கள். 1960-களின் தொடக்கத்தில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் பத்தில் ஒருவரோ என்னவோ. இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பேர். இங்கே இறப்பு எண்ணிக்கையும் கூடவே விழுந்தது, அதனால் சந்தேகமே இல்லை. அந்த நோய் வாரக்கணக்கில் வெளியே தெரிந்துவிடும், முன்கூட்டியே பிடித்துக் கடிகாரத்தை நகர்த்த இடமே கிடையாது.

ஆகவே கேட்டவருக்கு என் பதில்: ஏறிய சதவீதம் பொய் அல்ல. அதன் பக்கத்தில் மொத்த மக்கள்தொகையில் லட்சத்துக்கு எத்தனை பேர் அந்த நோயால் இறந்தார்கள் என்ற எண்ணும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

ஜூன் 9

இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை, அதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கிறது. ஒருவர் "ஆரம்ப நிலை நோயாளிகளின் பிழைப்பும் கூடியிருக்கிறது, முற்றிய நிலையிலும் கூடியிருக்கிறது, இரண்டும் கூடினால் அது முன்னேற்றம்தானே" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

வகுப்பு ஒன்றில் நான்கு பேர், மதிப்பெண் 10, 9, 8, 5. சராசரி 8. வகுப்பு இரண்டில் மூன்று பேர், 3, 2, 1. சராசரி 2. முதல் வகுப்பில் 5 வாங்கியவனைத் தூக்கி இரண்டாம் வகுப்பில் போடுங்கள். முதல் வகுப்பு 9 ஆகிவிட்டது, இரண்டாம் வகுப்பு 2.75. இரண்டு ஆசிரியர்களுக்கும் பாராட்டு. ஒரு பையன்கூட ஒரு மதிப்பெண் அதிகம் வாங்கவில்லை. (இந்த முறை வகுத்தலை மூன்று தடவை சரிபார்த்தேன்.)

ஸ்கேன் நன்றாக வந்ததும் நடந்தது இதுதான். முன்பு ஆரம்ப நிலை என்று எழுதியிருப்பார்கள், இப்போது எங்கோ பரவிய சிறு புள்ளி தெரிகிறது, முற்றிய நிலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆரம்ப நிலைக் கூட்டத்திலிருந்து மோசமானவர்கள் வெளியேறுகிறார்கள். முற்றிய நிலைக் கூட்டத்துக்கு அங்கே உள்ளவர்களைவிட நல்ல நிலையில் இருப்பவர்கள் வந்து சேர்கிறார்கள். ஆல்வன் ஃபைன்ஸ்டீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1985-ல் நுரையீரல் புற்றுநோயில் இதைக் காட்டினார். 1977 நோயாளிகளை 1953 முதல் 1964 வரையிலான நோயாளிகளோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு நிலையிலும் முன்னேற்றம். நிலை பிரிக்கும் முறையை இரண்டு காலத்துக்கும் ஒன்றாக்கினால் அந்த முன்னேற்றம் காணாமல் போனது.

ஜூன் 10

சும்மா ஒரு சிரிப்புக்கு. ஆஸ்கார் விருது வாங்கிய நடிகர்கள் வாங்காதவர்களைவிட 3.9 வருடம் அதிகம் வாழ்கிறார்கள் என்று 2001-ல் ஒரு ஆய்வு வந்து எல்லாப் பத்திரிகையிலும் ஓடியது. விருது வாங்கும்வரை சாகாமல் இருந்தால்தானே விருது வாங்க முடியும்! வாங்குவதற்கு முன் வாழ்ந்த வருடங்களையும் விருதின் கணக்கில் எழுதிவிட்டார்கள். 2006-ல் வேறு சிலர் அதைச் சரிசெய்து பார்த்தபோது வித்தியாசம் ஒரு வருடம் அளவுக்குச் சுருங்கியது, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவில்.

"மருந்தை முழுதாக முடித்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள்" என்று படித்தால் இந்த விருதை நினைத்துக்கொள்ளுங்கள். முடிக்கும்வரை உயிரோடு இருந்தவர்கள்தான் முடித்தவர்கள்.

ஜூன் 11

இதுவரை தொகுதியையும் (பின்னத்தின் மேல் எண்) கடிகாரத்தையும் பேசினோம். பகுதியில், அதாவது கீழே வகுக்கும் எண்ணில், நடக்கும் கூத்துக்கு என் மனதுக்குப் பிடித்த உதாரணம் 1863. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் தன் நூலில் ஓர் அட்டவணை போட்டார். லண்டனில் 24 மருத்துவமனைகள், இறப்பு 90.84 சதவீதம். உள்ளே போனால் பத்தில் ஒன்பது பேர் திரும்ப மாட்டார்கள் என்று படிப்பவர் நினைப்பார். கணக்கு எப்படி வந்தது? 1861 முழு வருடத்து இறப்புகள் மேலே. கீழே, அந்த வருடம் ஏப்ரல் 8 என்ற ஒரே நாளில் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கை. கணக்குப் போட்டுக் கொடுத்தவர் புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபார், சாதாரண ஆள் இல்லை. இதைக்கூட யோசிக்கவில்லையே என்று அன்றைய டாக்டர்கள் பிய்த்து எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 11, இரவு

ஃபாரைக் கிண்டல் செய்தது அநியாயம். யோசித்துப் பார்த்தால் அது முட்டாள்தனம் அல்ல. வருடம் முழுக்க ஒரு படுக்கை நிரம்பியிருந்தால் அதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற விகிதம் அது. ஒரே வருடத்தில் அந்தப் படுக்கையில் பத்துப் பேர் மாறி மாறிப் படுத்திருப்பார்கள். எண் சரி. அதைச் சதவீதம் என்று அச்சிட்டதுதான் வினை. நுரையீரல் ஆய்வில் ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு 3.2 என்றார்களே, அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த எண்தான். நாம் அதை மரியாதையோடு படித்தோம், இதைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

ஜூன் 13

"உங்களுக்கு இதில் எப்படி இவ்வளவு அக்கறை?" என்று கேட்டவருக்கு.

சில வருடங்கள் நான் ஃபாலோ அப் பிரிவில் வேலை பார்த்தேன். எந்த இடம் என்று வேண்டாம். நான் டாக்டர் இல்லை. சிகிச்சை முடிந்து போனவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன் செய்து, உயிருடன் இருக்கிறார்களா, நோய் திரும்பியதா என்று கேட்டுப் படிவத்தில் குறிப்பதுதான் வேலை. மூன்று கட்டங்கள்: உயிருடன், இறப்பு, தொடர்பு கிடைக்கவில்லை.

ஒரு பெரியவர். முதல் இரண்டு முறை அவரே எடுத்துப் பேசினார், அடுத்த தடவை எப்போது கூப்பிடுவீர்கள் என்று தேதி கேட்டு வைத்துக்கொள்வார். மூன்றாம் முறை மகள் எடுத்தாள். "அப்பா இல்லைங்க" என்றாள். சரி, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லித் தொடர்பு கிடைக்கவில்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடி. "அப்பா இல்லைங்க." எப்போது வருவார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவள் சொன்னாள்: "போன தடவையே சொன்னேனேங்க."

அந்த ஒரு சொல். பெயரைக் கேட்டால் மனப்பாடமாக வரும் அளவுக்கு அந்தப் படிவங்களோடு பழகியிருந்தேன், இல்லை என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு அர்த்தம் என்று எனக்கு உறைக்கவில்லை. அன்று மதியம் பழைய படிவக் கட்டை எடுத்து, 'இல்லை' என்று நான் குறிப்பு எழுதியிருந்ததை எல்லாம் பிரித்து வைத்தேன். பதினொன்று இருந்தன. திரும்பக் கூப்பிட்டதில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். மூன்று எண்கள் உபயோகத்தில் இல்லை.

ஜூன் 13, தொடர்ச்சி

அதனால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். பிழைப்பு விகிதம் போடும் வழக்கமான முறை கேப்லனும் மையரும் 1958-ல் எழுதியது. ஆய்விலிருந்து காணாமல் போனவரைக் கடைசியாகத் தொடர்பு கிடைத்த நாள்வரை கணக்கில் வைத்துக்கொண்டு, அப்புறம் விட்டுவிடும். விட்டுப் போனவர்களும் தங்கியவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று அது நம்புகிறது. நல்ல நம்பிக்கை, ஊர் மாறிப் போனவருக்குப் பொருந்தும். இறந்ததால் காணாமல் போனவருக்கு? நான் தப்பாக அடித்த டிக் ஒவ்வொன்றும் அந்த வரைகோட்டை இம்மி அளவு மேலே தூக்கிப் பிடித்தது.

எச்ஐவி சிகிச்சையில் இதைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். வசதி குறைந்த நாடுகளில் காணாமல் போனவர்களை வீடுவீடாகத் தேடிய ஆய்வுகளை 2009-ல் சேர்த்துப் பார்த்ததில், கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள்.

காசநோயில் இவர்களுக்கு முன்பு வேறு பெயர், 'டிஃபால்ட்டர்'. கடன் கட்டாதவரைப் போல. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் அதை எடுத்துவிட்டுத் தொடர்பு இழந்தவர் என்று மாற்றியது. யார் தொடர்பை இழந்தது என்பதுதான் கேள்வி. அந்த மகள் போனை எடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூன் 15

நோய்ச்சுமை பற்றிக் கேட்டிருக்கிறார்கள், அது தனி வண்டி. சுருக்கமாகச் சொல்கிறேன். முரேயும் லோபஸும் 1990-களில் கொண்டுவந்த கணக்கு. சீக்கிரம் இறந்ததால் போன வருடங்களையும் நோயோடு வாழ்ந்த வருடங்களையும் கூட்டிப் போடுவது. இரண்டாவதைக் கூட்ட, ஒவ்வொரு நோய்க்கும் 0 முதல் 1 வரை ஓர் எடை வேண்டும். 0 என்றால் முழு ஆரோக்கியம், 1 என்றால் மரணத்துக்குச் சமம். இந்த முறையில் போட்டதால்தான் யாரையும் கொல்லாத கீழ்முதுகு வலி பட்டியலில் மேலே ஏறி வந்தது. அதற்காகவே இந்தக் கணக்கைப் பாராட்டலாம்.

எடையை யார் போடுவது என்பதில்தான் சிக்கல். முதலில் நிபுணர்கள் உட்கார்ந்து போட்டார்கள். அதில் பார்வையின்மைக்கு ஏறக்குறைய 0.6. 2010 கணக்குக்குப் பல நாடுகளில் பொதுமக்களிடம், இரண்டு பேரை விவரித்து யார் அதிக ஆரோக்கியமானவர் என்று கேட்டுப் போட்டார்கள். பார்வையின்மை 0.195 ஆகிவிட்டது. உலகத்தில் ஒருவருக்கும் பார்வை திரும்பவில்லை, சுமை மட்டும் மூன்றில் ஒன்றானது. கேட்ட கேள்வி அப்படி. ஆரோக்கியமானவரா என்று கேட்டால் கண் தெரியாதவரை நோயாளி என்று மக்கள் சொல்வதில்லை. அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குள் வாதம் ஓடுகிறது. அவர்களைச் சுமை என்று எழுதாமல் இருப்பது மரியாதை என்று காலையில் தோன்றும். சாயங்காலம், எண்ணில் தெரியாத கஷ்டத்துக்கு யார் நிதி ஒதுக்குவார்கள் என்று தோன்றும்.

ஜூன் 16

அக்கா இதை எல்லாம் படித்துவிட்டாள். யார் அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. "என் குரல் பிசிறடிக்குதுன்னு ஊருக்கே சொல்லணுமா?" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தானாகவே, அந்த வரியை எடுக்க வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

ஜூன் 19

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். தான் படித்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்தாராம், இறப்பு விகிதம் பின்னிணைப்பில் சின்ன எழுத்தில் இருந்ததாம். அதுவும் இறங்கியிருக்கிறது, ஆனால் முகப்பில் போட்ட ஏற்றத்தைப் பார்த்தால் கொஞ்சம்தான் என்கிறார். நல்லது, இறங்கியது இறங்கியதுதான்.

ஜூன் 22

இன்று காலை அக்கா வீட்டில் இருந்தேன். அவளுடைய போன் அடித்தது, எடுத்தேன். அறுவைசிகிச்சை செய்த இடத்திலிருந்து ஒரு பெண், வருடாந்திர ஃபாலோ அப். அக்கா பெயரைச் சொல்லி, இருக்காங்களா என்று கேட்டாள்.

"அக்கா இல்லைங்க" என்றேன்.

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு, "வெளியே போயிருக்காங்க, நல்லா இருக்காங்க, உயிரோடதான் இருக்காங்க" என்று மூச்சுவிடாமல் சேர்த்தேன். மறுமுனையில் சிரிப்பை அடக்குவது கேட்டது. சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாள் என்று கேட்க மறந்துவிட்டேன்.